வெல்வெட் ராணி கீழே இறங்கவில்லை

ஜனவரி 18

மாமாவுக்கு,

அதன் முன்கால்களின் அடிப்பக்கம் மஞ்சள். முதலில் என் கண்ணில் பட்டது அதுதான் என்பதால் முதலில் அதையே எழுதுகிறேன். நலம் விசாரிப்பது கொஞ்சம் கீழே வரும், அத்தை கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேலிருந்து பார்த்தால் பழுப்பும் சாம்பலும்தான். நீங்கள் குறிப்புத் தாளில் எழுதியபடியே, அகலமான தாழ்ந்த கண்ணாடிப் பெட்டியில் மண் பரப்பி, ஒரு சின்ன மூடியில் தண்ணீர் வைத்து, அதை உள்ளே விட்டேன். மண்ணில் நிற்கவே இல்லை. கண்ணாடியில் ஏறி மேல்மூடிக்கு அடியில் ஒட்டிக்கொண்டது. நான் தரையில் உட்கார்ந்திருந்ததால் அதன் அடிப்பக்கம் முழுவதும் தெரிந்தது. முன்னங்கால் இரண்டிலும், யாரோ அளவெடுத்து வைத்துத் தைத்ததுபோல, எலுமிச்சை மஞ்சளில் பட்டை. உங்கள் தாளில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"உன் மாமனுக்குக் கடையில வேற ஜீவனே கெடைக்கலயா? ஒரு முயல்குட்டி அனுப்பினா கொறஞ்சா போயிடுவான்?"

"இது வெல்வெட் ராணிம்மா. டரான்டுலா சிலந்தியிலயே ரொம்ப சாதுவாம்."

"யார் சொன்னா?"

"மாமா."

"அவன் சொன்னா சரிதான். போன தடவ பேசற கிளின்னு ஒண்ணு அனுப்பினான். அது செத்த அன்னிக்குக்கூட வாயத் தொறக்கல."

அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்குக் காஜா எடுக்கும் வேலை குவிந்து கிடக்கிறது. நான் விட்டு வந்த பள்ளியின் சீருடைதான். சட்டை சட்டையாகப் பொத்தானுக்குத் துளை போட்டுக்கொண்டிருக்கிறேன். போட்டுக்கொள்ளப் போகிற முகங்கள் எனக்குத் தெரியாது என்பதால் பயமில்லை.

பள்ளியை விட்ட பிறகு யாரும் என்னை நம்பி எதையும் ஒப்படைத்ததில்லை. நீங்கள் ஒரு உயிரை அனுப்பியிருக்கிறீர்கள். நன்றாகப் பார்த்துக்கொள்வேன். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் நான் 'ம்' மட்டும் சொல்கிறேன் என்று நீங்கள் கடிதம் எழுதச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

உங்கள்
ஊமைக்கோட்டான்


ஜனவரி 27

என் ஊமைக்கோட்டானே,

அடேயப்பா, எவ்வளவு எழுதியிருக்கே! உன் கடுதாசிய உங்க அத்தைக்கு ரெண்டு தடவ படிச்சுக் காட்டினேன். கிளி சமாச்சாரம் வந்ததும் எழுந்து உள்ள போயிட்டா, சிரிப்ப அடக்க. அவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி அவ முழங்கால் சத்தம் எழுந்திருக்குது. மத்தபடி ரெண்டு பேரும் சௌக்கியம்.

மஞ்சளா இருந்தா என்னடி? ராணின்னா நகை போடாம இருப்பாளா? புது எடம், நாலு சுவரையும் ஏறிப் பாக்கத்தான் செய்யும். பசிச்சா தானா கீழ எறங்கும். ஒரு மாசம் பழகட்டும். அப்புறம் உள்ளங்கையில விட்டுக்கோ, பஞ்சு மாதிரி உக்காரும். கோவம் வந்துச்சுன்னா பின்னங்காலால முதுகத் தேச்சு முடியப் பறக்க விடும். பட்ட எடம் அரிக்கும், கண்ண மட்டும் பாத்துக்கணும். அவகிட்ட இருக்கற ஆயுதமே அவ்வளவுதான். கடையில என் மேசைமேல இருக்காளே பெரியவ, அவ என் கைமேல எத்தன தடவ நடந்திருக்கா தெரியுமா?

இன்னொரு சேதி. உன் பள்ளிக்கூடத்துக்கே ஒரு ராணி வர்றா! புதுசா வந்த உயிரியல் டீச்சராம். பிள்ளைங்களுக்குப் பூச்சின்னா இருக்கற பயம் போகணும், கையில வெச்சுப் பழகற மாதிரி ஒண்ணு வேணும்னு கேட்டாங்க. அனுப்பிட்டேன். பேக்கரிக்காரர் ஒண்ணு எடுத்துட்டுப் போனார். நர்ஸுக்குப் படிக்கற பொண்ணு ஒருத்தி ஒண்ணு. 'டரான்டுலா'ன்னு எழுதி வெச்சிருந்தப்போ ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பல. 'வெல்வெட் ராணி'ன்னு பேர் மாத்தினேன், பறந்துடுச்சு. கடைக்காரன் மூளைன்னா இது.

அக்காவக் கேட்டதாச் சொல்லு. கிளிக்கு நான் பொறுப்பில்லன்னும் சொல்லு.

உன் மாமன்


பிப்ரவரி 10

மாமாவுக்கும் அத்தைக்கும்,

இங்கே மூன்று பேரும் நலம். மூன்றாவது ஆள் இன்னும் மூடியிலேயே குடியிருக்கிறாள்.

பசித்தால் இறங்கும் என்றீர்கள். கரப்பான் குஞ்சு ஒன்றை மண்ணில் விட்டேன். தலைகீழாகத் தொங்கியபடியே முன்பாதியை மட்டும் கீழே நீட்டி, பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டது. மண் அதற்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. மரக்கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து வந்து, உயரமான ஒரு பிஸ்கட் ஜாடியில் செங்குத்தாக நிறுத்தி, மூடியில் துளை போட்டு வைத்தேன்.

மாற்றும்போதுதான் அது நடந்தது. பெட்டியிலிருந்து குவளைக்குள் தள்ளலாம் என்று மெதுவாகப் போனேன். அது ஓடவில்லை, மாமா. ஓடுவதை நாம் பார்க்க முடியும். பெட்டியில் இருந்தது, பிறகு திரைச்சீலையில் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. அம்மா ஸ்டூல்மேல் ஏறி நின்று, "புடி, புடி" என்கிறாள், அதே மூச்சில் "தொடாதடி" என்கிறாள்.

குவளையைக் கவிழ்த்து, துணி வெட்ட வைத்திருக்கும் அளவு அட்டையை அடியில் செருகிப் பிடித்துவிட்டேன். அட்டை தொட்டபோது அது செய்ததைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும். பின்னங்கால் முதுகுப் பக்கமே போகவில்லை. முன்னங்கால்களை உயரத் தூக்கிப் பின்னால் சாய்ந்து நின்றது. அந்த மஞ்சள் முழுவதும் எனக்கு எதிரே விரிந்தது. நடுவில் இரண்டு கறுத்த பற்கள். அதன் முதுகில் முடி கொட்டிய இடம் எங்கும் இல்லை. வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அது முதுகைத் தேய்க்கவில்லை.

ஜாடிக்குள் விட்டதும் பட்டைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. அதற்குப் பிறகு மூடிப் பக்கம் வரவே இல்லை. வீடு கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ராணிகள் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்களா, மாமா? நான் இன்னும் கையில் விட்டுக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அத்தை முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறார்களா?

ஊமைக்கோட்டான்


பிப்ரவரி 20

கோட்டானே,

சௌக்கியம். அத்தை ஒத்தடம் குடுத்துக்கறா, அதையும் என்னத்தான் குடுக்கச் சொல்றா.

உன்ன சிலந்தி வளக்கச் சொன்னேன், போலீஸ் வேல பாக்கச் சொல்லல. எத்தன கேள்வி! மொதல் பொட்டி காலியானதும் வேற ஆள்கிட்டேர்ந்து ரெண்டாவது பொட்டி எடுத்தேன். என் பெரியவ மொதல் பொட்டி. உன்னோடது, பள்ளிக்கூடத்தோடது, அப்புறம் வித்ததெல்லாம் ரெண்டாவது. அதே அளவு, அதே முடி, ஏறக்கொறைய அதே நெறம். சிலந்திக்கு ஜாதகம் வாங்கிப் பொருத்தம் பாத்தா வாங்க முடியும்? பெரியவ உரிச்ச தோல் இங்க கண்ணாடிக் குவளையிலதான் இருக்கு, தெனம் பாக்கறேன். எல்லாம் ஒரே ஜாதிதான்.

உன்னோடது கொஞ்சம் துடுக்கு. உங்க அம்மா வீட்டுக் காத்து பட்டா அப்படித்தான் ஆகும்.

கடையில கூட்டம். விரிவா அப்புறம் எழுதறேன்.

மாமன்


மார்ச் 14

மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நீங்கள் அப்புறம் எழுதுவதாகச் சொன்ன விரிவான கடிதம் இன்னும் வரவில்லை. கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே தோல் உரித்தது. கொஞ்ச நாளாகவே தீனி வேண்டாம் என்றது. பிறகு பட்டைக்குப் பின்னால் வலையை மெத்தைபோல் பின்னி, அதில் மல்லாந்து படுத்தது. உங்கள் தாளில், மல்லாந்தால் செத்துவிட்டது என்று நினைக்காதே, தொடாதே என்று எழுதியிருந்தீர்கள். தொடவில்லை. அம்மாதான் எட்டி எட்டிப் பார்த்து, "பாவம், முடிஞ்சுதா?" என்றாள். அம்மா பாவம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கையுறையைக் கழற்றுவதுபோல ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு வெளியே வந்தது.

தோலை இடுக்கியால் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தேன். இளகியதும் அட்டைமேல் போட்டுக் கால்களை விரித்துக் குண்டூசியால் நிறுத்திக் காயவிட்டேன். துணியைப் பரப்பி வெட்டுப் பார்ப்பதுபோலத்தான், கை பழகிய வேலை. காலின் அடிப்பக்கப் பட்டை தோலில் அப்படியே இருக்கிறது. பாதங்களும் அகலமாக, பிரஷ்போல இருக்கின்றன.

இதைக் குண்டூசி வரும் தகர டப்பாவில் பஞ்சு வைத்து உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் பெரியவளின் தோலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால்களை மட்டும் பார்த்தால் போதும். இரண்டும் ஒன்றேதான் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அது எனக்குக் கஷ்டமில்லை.

ஆனால் இரண்டும் வேறு வேறு என்றால், பள்ளிக்குப் போனது எது?

அத்தைக்கு என் அன்பு.

ஊமைக்கோட்டான்


ஏப்ரல் 2

மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் சுகம்தானே? டப்பா வந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும். அம்மா இரண்டு தடவை போன் செய்தாள். நீங்கள் எடுக்கவில்லை. "கடை வேலையா இருப்பான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தைக்க உட்கார்ந்தாள். ஆனால் மெஷின் வெகுநேரம் ஓடவில்லை.

ஊமைக்கோட்டான்


ஏப்ரல் 8

கோட்டானே,

ஷட்டர இழுக்கறப்போ கை பெசகிடுச்சு. சுளுக்குதான். நான் சொல்லச் சொல்ல அத்தை எழுதறா. எழுத்து அழகா இருக்கேன்னு ஆச்சரியப்படாத. அக்காகிட்ட பெருசா ஒண்ணும் சொல்ல வேணாம், உடனே மூட்டை கட்டிக்கிட்டு வந்து நிப்பா.

நீ அனுப்பின தோல் தபால்ல நசுங்கிப் பொடியாயிடுச்சு. ஒண்ணும் தெரியல. விடு. சிலந்திய சிலந்தியாப் பாரு, தோல் ஆராய்ச்சியெல்லாம் நமக்கெதுக்கு?

சாப்பிடு, தூங்கு, அம்மாவுக்கு ஒத்தாசையா இரு.

மாமன்


ஏப்ரல் 9

கண்ணு,

நேற்று எழுதியது அவர் சொன்னது. இது நான் சொல்வது. அவருக்குத் தெரியாது.

என் முழங்காலை விடு. அது இருக்கிறபடி இருக்கிறது.

நீ அனுப்பிய டப்பா நசுங்கவில்லை. அவர் குப்பையில் போட்டதை எடுத்து இப்போது அதில் என் ஊசிகளை வைத்திருக்கிறேன். அது வந்த அன்றைக்கு இரண்டு தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மத்தியானம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. "எல்லாம் ஒண்ணுதான், இப்பவே காட்டறேன் பாரு" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனார். அங்கே விற்காமல் மீதியான ராணிகளின் பெட்டிகள்தான் இருக்கின்றன. இழுப்பதற்கு ஷட்டர் இல்லை.

சுளுக்குக்கு யாராவது ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பார்களா? கையில் வந்த சுளுக்கு தொடைக்கும் முதுகுக்கும் போகுமா? விரல்கள் தானாக மடங்கிக்கொள்கின்றன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறேன். அவ்வளவு பெரிய மனிதர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், இப்போது தேவலை. டாக்டரிடமும் என்ன கடித்தது என்று தெரியாது என்றார்.

என்னிடம் அவர் இன்னும் சுளுக்கு என்றுதான் சொல்கிறார். நானும் சரி என்றுதான் சொல்கிறேன்.

நீ அதைக் கையில் எடுக்காதே. வேறு நான் என்ன எழுத?

அத்தை


ஏப்ரல் 16

மாமாவுக்கு,

கை எப்படி இருக்கிறது? சுளுக்கு என்றால் ஒத்தடம் கொடுத்தால் குறையும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

என் ஜாடிக்குள் இருப்பது நலம். எதிலும் குறை இல்லை. அதன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அதை அதன் இடத்தில் விட்டால் அது யாரையும் ஒன்றும் செய்வதில்லை.

பக்கத்து வீட்டுச் சின்னவள், ஆறாம் வகுப்பு படிப்பவள், பொத்தான் தைக்கச் சட்டையைக் கொண்டுவந்தாள். ஜாடியைப் பார்த்துவிட்டு ஒரே குதி.

"ஐயோ, எங்க கிளாஸ்லயும் இருக்கேக்கா! இதே ராணி!"

"கீழ மண்ணுல இருக்குமா, மேல ஏறி நிக்குமா?" என்றேன். அவளிடம் பேச எனக்கு வரும், அவள் பதிலுக்குக் காத்திருப்பதே இல்லை.

"கண்ணாடியிலதான் எப்பவும். மூடிகிட்ட. டீச்சர் சொல்றாங்க, அது எங்கள எட்டிப் பாக்குதாம். கீழ எறங்கிப் பழகட்டும், அப்புறம் கையில தர்றேன்னாங்க. எறங்கவே மாட்டேங்குது. அதனால இந்த மாசக் கடைசித் திங்கக்கெழம டீச்சரே கையில எடுத்துத் தரப்போறாங்க. நான் ரெண்டாவதாப் பேர் குடுத்திருக்கேன். மொதல்ல குடுத்திருக்கணும், அந்தப் பல்லி முந்திக்கிட்டா."

பல்லி என்பது அவள் சிநேகிதி. இரண்டு பேரும் சேர்ந்தாலும் என் எடைகூட இருக்க மாட்டார்கள்.

மாமா, பள்ளிக்கு ஒரு போன் செய்யுங்கள். பெயர் மாறிப்போயிற்று என்று மட்டும் சொன்னால் போதும். கடைகளில் மாறிப்போவது உண்டுதானே, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நீங்கள் சொன்னால் ஒரு நிமிட வேலை. நான் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பள்ளிக்குள் நான் போக வேண்டும். எனக்கு அது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்று படி என்றார்கள், நின்றேன், சத்தம் வரவில்லை. மறுநாளும் நின்றேன். கடைசியில் போவதையே விட்டுவிட்டேன். அப்போது திட்டாமல் இருந்தது நீங்கள் ஒருவர்தான்.

அந்தக் கடைசித் திங்கட்கிழமைக்குள் செய்துவிடுங்கள்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஊமைக்கோட்டான்


ஏப்ரல் 22

கோட்டானே,

எடது கையால எழுதறேன். கோழி கிண்டின மாதிரி இருக்கும். அத்தைய எழுதச் சொல்லல.

நீ சொல்றது சரியா இருக்கலாம். தப்பாவும் இருக்கலாம். ரெண்டாவது பொட்டி குடுத்த ஆளு போன எடுக்க மாட்டேங்கறான். இப்போ நான் வாயத் தொறந்தா வாங்கினவங்க அத்தன பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க. யாராவது போய் மேல எழுதிப் போட்டா கடைய இழுத்து மூடச் சொல்லுவாங்க. இத்தன வருஷம் ஒரு மீன் செத்துப் போச்சுன்னுகூட யாரும் என்கிட்ட சண்டைக்கு வந்ததில்லடி. கடையும் போச்சுன்னா அப்புறம் நான் யாரு, சொல்லு?

கை சரியானதும், அடுத்த மாசம், நானே நேர்ல வந்து பள்ளிக்கூடத்துல இருக்கறத சத்தமில்லாம மாத்தி வெச்சிடறேன். என் பெரியவளையே குடுத்துடறேன். அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாது. டீச்சருங்கல்லாம் பயந்தாங்கொள்ளிங்க, கிட்டவே போக மாட்டாங்க.

நீ எதுவும் சொல்லிடாத. நீ சொல்ல மாட்டே, எனக்குத் தெரியும். என் பேச்ச நம்பறதுக்கு இந்தக் குடும்பத்துலயே நீ ஒருத்திதான்.

மாமன்


ஏப்ரல் 28

மாமாவுக்கு,

உங்கள் கை எப்படி இருக்கிறது? இந்தத் தடவை உண்மையான பதில் வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

நேற்று திங்கட்கிழமை. உங்கள் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் எழுதியதில் உங்கள் கடை இருந்தது, உங்கள் பெயர் இருந்தது, நான் இருந்தேன். அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வரியிலும் இல்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கையைப் பற்றியும். அவள் கத்தவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "போய் பேசிடுவியா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல" என்றேன்.

"நான் வரட்டா?"

"வேணாம்மா."

வாசலில் காவல்காரர், யாரைப் பார்க்க வேண்டும் என்றார். பேச்சு வரவில்லை. கையில் இருந்த சீருடை மூட்டையைக் காட்டினேன். விட்டுவிட்டார். அந்த வராந்தாவில் நடக்கும்போது, திரும்பிப் போய் ஜன்னல் வழியாக ஒரு சீட்டு எழுதிப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் வகுப்பு வாசல் வந்துவிட்டது.

டீச்சர் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். மூடி மேசைமேல் இருந்தது. பல்லி முதலில், சின்னவள் அவளுக்குப் பின்னால். பல்லியின் கை நீட்டியிருந்தது. சிலந்தி கீழே ஓடிவிடாமல் இருக்க டீச்சர் தன் ஒரு கையை அவள் கைக்கு அடியில் பிடித்திருந்தார். அது பெட்டியின் விளிம்பில், உள்பக்கமாக, முன்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் சாய்ந்து நின்றது. "பாருங்க, ஹலோ சொல்லுது" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள்.

வாயைத் திறந்தேன். பழையபடி காற்றுதான் வந்தது. அதனால் நடந்தேன். நேராகப் போய் மேசைமேல் இருந்த மூடியை எடுத்துப் பெட்டிமேல் வைத்து அழுத்தினேன். அது ஒரு தடவை மூடியில் உள்ளிருந்து இடித்தது. அதன் பற்களிலிருந்து கண்ணாடியில் இரண்டு துளி ஈரம் வழிந்தது. பல்லி பயந்து அழ ஆரம்பித்தாள்.

"ஏய், யாரு நீ? யாரு உன்ன உள்ள விட்டது?"

"அது ராணி இல்ல, டீச்சர்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது. "வேற ஜாதி. இது கடிக்கும். எங்க வீட்டுல ஒருத்தர கடிச்சிருக்கு."

பின்வரிசையில் யாரோ என்னைப்போலவே பேசிக்காட்டினார்கள். சிரிப்பு எழுந்தது. நான் நிறுத்தவில்லை. முதுகில் முடி கொட்டாதது, ஏன் மண்ணில் இறங்குவதில்லை, தோலை எப்படி விரித்துப் பார்த்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை மாறித்தான் வந்தது. டீச்சர் பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அடியிலிருந்து வெகுநேரம் பார்த்தார். பிள்ளைகளை இடத்தில் போய் உட்காரச் சொல்லிவிட்டு, அதை ஆய்வுக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டுபோய், யாரிடம் வாங்கியது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். என் மாமா கடையில் என்றேன்.

"உங்க மாமாவா? நான் அவருக்கு ரெண்டு தடவ போன் பண்ணேனேம்மா. இது கீழயே வர மாட்டேங்குது, சரியான வகைதானான்னு கேட்டேன். மொதல் தடவ, பழகிடும்னார். போன வாரம் மறுபடி கேட்டேன். தைரியமாக் கையில எடுங்க, பச்சக் கொழந்த மாதிரின்னார்."

போன வாரம், மாமா. அப்போது அத்தை உங்கள் விரல்களைப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கடிதமும் உங்கள் கையில் இருந்தது. டீச்சர் உங்களை நம்பிக் கேட்டார். உண்மையைச் சொல்லும் வாய்ப்பு உங்களைத் தேடி வந்தது.

வீட்டுக்கு வந்து ஜாடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். உங்கள்மேல் எனக்கு வந்தது கோபம்தானா என்றுகூடத் தெரியவில்லை. நீங்கள் திட்டாமல் இருந்த அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இதுவும் பக்கத்திலேயே இருக்கிறது.

பேக்கரிக்காரரிடம் ஒன்று இருக்கிறது. அந்த நர்ஸுக்குப் படிக்கும் பெண்ணிடம் ஒன்று. வேறு யார் யாரிடம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் கூட வந்து வீட்டைக் காட்டினால் போதும், நான் சொல்லிக்கொள்கிறேன். வர முடியாது என்றால் அத்தையைக் கேட்டுக்கொண்டு நானே போவேன். கடைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு நான் ஆறுதல் எழுத முடியாது.

இது தபாலில் வந்த கடிதம் இல்லை. விடிந்ததும் முதல் பஸ் பிடித்து வந்தேன். பஸ்ஸில் எழுதியதால் எழுத்து ஆடியிருக்கும். உங்கள் கடை இன்னும் திறக்கவில்லை. எதிரே டீக்கடைக்காரர், யாரும்மா நீ என்று கேட்டார். இந்தக் கடைக்காரரின் அக்கா மகள் என்றேன்.

இதை ஷட்டருக்கு அடியில் உள்ளே தள்ளிவிட்டுப் படியில் உட்காருகிறேன்.